புகார் கொடுத்தவர் வீட்டில் இல்லை

மெதுவண்ணனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. கேட்டைத் திறந்தால் மெதுவா, மூடினால் மெதுவா. தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துப் பாதியை உள்ளேயே திருப்பி அனுப்பிவிடுகிற ஆள். பக்கத்தில் யாராவது குரலை உயர்த்தினால் "மெதுவா, மெதுவா" என்று கையை அமர்த்துவார். தெருப் பிள்ளைகள் அதையே பெயராக்கிவிட்டார்கள். அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்ளலாம்தான். எதிராளி திருப்பிக் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்று விட்டுவிட்டார்.

வயது ஐம்பத்திரண்டு. பயம் அவரோடு கூடவே பிறந்தது. பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" சொல்ல வாய் வராமல், முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே ஒரு வருஷம் முழுக்க ஆப்சென்ட் வாங்கியவர். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால் "நிறுத்துங்க" என்று சொல்ல மாட்டார். வேறு யாராவது இறங்கும் வரை போய், அங்கிருந்து திரும்பி நடந்து வருவார். ஒருமுறை முடி வெட்டுகிறவர் ஒரு பக்கக் காதோரத்தை உச்சி வரைக்கும் ஏற்றிவிட்டார். இவர் கண்ணாடியைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்து, ஒரு மாதம் தொப்பியோடு திரிந்தார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஏற்ற வேலைதான் வாய்த்திருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை. முன்னால் விளக்கு, அலமாரி, வாடிக்கையாளர்கள், முதலாளி. பின்னால் ஆறடிக்கு எட்டடியில் ஓர் அறை. அதில் லென்ஸ் தேய்க்கும் மெஷின், அதன் மேல் தண்ணீர் சொட்டும் குழாய், திருகாணி டப்பாக்கள், மெதுவண்ணன். இருபத்தாறு வருஷமாக லென்ஸின் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து ஃபிரேமுக்குள் மயிரிழை பிசகாமல் உட்கார வைக்கிறார். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் மூக்கின் மேல் அவர் கைவேலை இருக்கிறது. ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. இதைவிட நிம்மதி வேறென்ன வேண்டும்?

மனைவி நேர் எதிர். அச்சகத்தில் பைண்டிங் வேலை. மெஷின்களின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால், வீட்டில் உப்பு கேட்டால்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும். இருவருக்கும் சேர்த்து அவளே பேசி, அவளே பதில் சொல்லி, இருபத்து நாலு வருஷமாகக் குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

அவர்கள் வீட்டு வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டு, கறுப்புத் தண்ணீர் தெருவில் வழிந்து நிற்கும். அதில் மரத்து இலைகள் விழுந்து அழுகிக் கூழாகிக் கிடக்கும். ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்த மனைவி அதில் கால் வைத்து வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரத்துக்குக் கட்டு. ஒற்றைக் கையோடு வீட்டில் இருந்து என்ன செய்ய என்று தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள்.

கிளம்பும்போது சொன்னாள்: "எத்தனை வருஷமா இந்தத் தண்ணி நம்ம வாசல்ல நிக்குது? யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொல்லலாம்னுதான்..."

"யார்கிட்ட? உங்க மெஷின்கிட்டயா?"

அது அவருக்கு உறைக்கவில்லை. பழகின பேச்சுதான். ஆனால் பஸ் ஏறும்போது அவள் வலது கையைத் தூக்கப் போய், கட்டு ஞாபகம் வந்து, இடது கையால் கம்பியைப் பிடிக்கத் தெரியாமல் ஒரு நொடி தடுமாறினாள். அதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வராத விருந்தாளி திடீரென்று வந்து நின்ற மாதிரி. எங்கே உட்கார வைப்பது என்று தெரியவில்லை.

அன்று திங்கட்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், மெஷின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் நகராட்சியின் புகார்ப் பக்கத்தைத் திறந்தார். 'எதைப் பற்றிப் புகார்?' என்று ஒரு பட்டியல். முதலில் 'தெரு கூட்டுதல்' இருந்தது. 'சாக்கடை அடைப்பு' எங்கோ கீழே இருந்தது. அவ்வளவு தூரம் தேடிப் போவதற்குள் கோபம் கிளம்பிப் போய்விடும் போலிருந்தது. முதலில் இருந்ததையே அழுத்தினார். அடுத்து, 'எத்தனை நாளாக?' ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம்.

அங்கேதான் தயங்கினார். கடை முதலாளி எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. "புகார்னா பெருசா போடணும்ப்பா. சின்னதா போட்டா குப்பைக் கூடைக்குப் போகும். அந்தக் கூடையையும் யாரும் கொட்ட மாட்டாங்க."

மூன்று மாதம் என்பதை அழுத்தினார். கீழே இருந்த பெட்டியில், 'கடந்த மூன்று மாதமாக இந்தத் தெருவை யாரும் கூட்டவே இல்லை' என்று எழுதினார்.

வடிகட்டின பொய். தெருவை நெட்டையம்மா தினமும் கூட்டினார். தெரு கூட்டுகிற அந்த அம்மாவுக்குத் தெருவில் எல்லோரும் வைத்த பெயர் அது. ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவர் கையில் இருக்கும் நீட்டுத் துடைப்பம் அவரைவிட உயரம். காலை ஆறரைக்கு வருவார். ஒருநாளும் தவறியதில்லை. இதைத் தெருவிலேயே மிகத் திருத்தமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் மெதுவண்ணன்தான். தினமும் ஜன்னல் திரையின் இடுக்கு வழியே அவர் போய்விட்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவார். எதிரே வந்தால் ஏதாவது பேச வேண்டியிருக்குமே.

அனுப்பினார். அரை நிமிஷத்தில் போன் 'டிங்' என்றது.

'தங்கள் புகார் ஏற்கப்பட்டது. சம்பந்தப்பட்ட பணியாளர் தங்கள் வீட்டுக்கு நேரில் வருவார். பணி திருப்தியாக இருந்தால், கீழே உள்ள நான்கு இலக்க எண்ணை அவரிடம் தெரிவிக்கவும்.'

புகார் என்றால் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஓடிவந்துவிடலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். போட்டவன் வீட்டுக்கே ஆளை அனுப்பி, 'இவர்தான் உன்னைப் பற்றிச் சொன்னவர்' என்று காட்டிக் கொடுப்பார்கள் என்று யார் கண்டது? அதுவும் நெட்டையம்மாவை. அதுவும் துடைப்பத்தோடு.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை. சர், சர் என்று துடைப்பச் சத்தம் தெருமுனையில் ஆரம்பித்தது. வழக்கமாக அது நெருங்கி வந்து, கடந்து போய், தேய்ந்து மறையும். அன்று நெருங்கி வந்தது. கடக்கவில்லை. அவர் கேட்டுக்கு முன்னாலேயே சர், சர், சர். அந்தப் பத்தடியையே கூட்டிக்கொண்டிருந்தார் நெட்டையம்மா. இருபது நிமிஷம். பிறகு சத்தம் நின்றது.

"சார்."

மெதுவண்ணன் வாயில் பிரஷ்ஷோடு குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்றார்.

"சார், வீட்ல இருக்கீங்களா?"

துப்பினால் சத்தம் கேட்கும். நுரையை விழுங்கினார். முன்னறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது. ஜன்னல் வழியே தெரியுமே. நாலு காலில் தவழ்ந்து போய், கையை மட்டும் உயர்த்தி, ஸ்விட்சை அணைத்தார்.

"ஃபேன் நின்னுருச்சு. உள்ள ஆள் இருக்காங்க" என்றார் நெட்டையம்மா.

கூட ஓர் ஆண் குரல். பணியாளர்களுக்கு மேலே இருக்கும் மேஸ்திரி. "வீட்டில் இல்லைன்னு போட்டுரட்டுமா?"

"வேணாண்ணே. நான் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கிறேன். எப்படியும் வெளிய வந்துதானே ஆகணும்."

எப்படியும் வெளியே வந்துதானே ஆக வேண்டும். மெதுவண்ணன் வரவில்லை. கொல்லைப்புறச் சுவரில் ஏறினார். ஐம்பத்திரண்டு வயதில் சுவர் ஏறுவது எப்படி என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. எப்படியோ மேலே ஏறிவிட்டார். இறங்கினார் என்று சொல்ல முடியாது, விழுந்தார். வலது முழங்காலில் பேன்ட் கிழிந்து, அன்று முழுக்கக் கிழிசலோடு லென்ஸ் தேய்த்தார்.

பத்து மணியிலிருந்து போன் அடித்தது. தெரியாத எண். எடுக்கவில்லை. மறுபடி. சத்தத்தை நிறுத்தித் திருகாணி டப்பாவுக்குள் போட்டு மூடினார். அது உள்ளே அதிர, அத்தனை திருகாணிகளும் சேர்ந்து நடுங்கின. நடுங்குவதற்கு அறையில் துணை கிடைத்தது. மொத்தம் பதினோரு தடவை. சாயங்காலம் போனைத் திறந்து, நகராட்சியின் செய்தியை அழித்தார். செய்தி இல்லை என்றால் எண் இல்லை, எண் இல்லை என்றால் புகார் இல்லை, புகார் இல்லை என்றால் அவரும் இல்லை. பயந்த மூளைக்கு அது நல்ல கணக்காகத்தான் பட்டது.

புதன்கிழமை அரை மணி முன்னதாகவே சுவர் ஏறினார். பேருந்து நிறுத்தத்தை நெருங்கும்போது, தூண் மாதிரி ஓர் உருவம். அது தூண் இல்லை. அந்த நிறுத்தம் நெட்டையம்மா கூட்டும் எல்லையிலேயே கிடையாது. ஆனாலும் அங்கே நின்று கூட்டிக் கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம் சார்."

வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். அது எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. பணிமனைக்குப் போய்க் கழுவப்படுகிற பஸ் அது. வாளியோடு ஏறினவர், "யார் சார் நீங்க?" என்று கேட்டபோதுதான் இறங்கினார்.

மதியத்துக்கு மேல், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது முன்பக்கம் முதலாளி யாரோடோ பேசுவது கேட்டது. பெண் குரல். மெதுவண்ணன் மெஷினை நிறுத்தினார். விளக்கை அணைத்தார். ஸ்டூலுக்கும் சுவருக்கும் நடுவில் குந்திக்கொண்டார்.

கடை மூடும்போது முதலாளி சொன்னார்: "உன்னைக் கேட்டு ஒரு அம்மா வந்தாங்கப்பா. நல்ல உயரம். கையில தொடப்பம்."

"என்ன... என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. நாலு மணி வரைக்கும் வாசல்ல நின்னாங்க. நின்ன நேரத்துக்குக் கடை வாசலையும் கூட்டிட்டுப் போயிருக்காங்க. பாரு, பளிச்சுன்னு இருக்கு."

"என்னை ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டேனே. உள்ள இருட்டா இருந்துச்சு. நீ தூங்குறேன்னு நெனச்சு விட்டுட்டேன். யாரு அவங்க? ஏதாவது தகராறா?"

"தெரியாது" என்றார். அவ்வளவு சின்ன வார்த்தை மூன்று துண்டாக வந்தது.

வீட்டுக்கு வந்தபோது கேட்டில் ஒரு தாள் செருகியிருந்தது. நீலப் பென்சிலில் வரிசையாக நான்கு கட்டங்கள். உள்ளே ஒன்றுமில்லை. நான்கும் காலி. எழுத்து கிடையாது, பெயர் கிடையாது. மெதுவண்ணன் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் ஒன்றுமில்லை. நான்கு இலக்க எண் என்பதெல்லாம் அவர் மண்டையிலிருந்து எப்போதோ கழன்று போயிருந்தது. நான்கு கட்டம் என்றால் நான்கு குழி. நான்கு நாள் கெடு. நாலு பேர் தூக்கிக்கொண்டு போவது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வைத்த இடம் நெஞ்சுக்கு நேராக இருந்ததால் அங்கேயே குறுகுறுத்தது. எடுத்துப் பீரோவுக்கு அடியில் தள்ளினார்.

மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, குரல் கெணத்துக்குள்ள இருந்து வருது?"

"ஒண்ணுமில்ல. நீ எப்ப வருவ?"

இருபத்து நாலு வருஷத்தில் இந்த மனிதர் இப்படிக் கேட்டதில்லை. "என்னாச்சு?" என்றாள்.

"சும்மாதான் கேட்டேன்."

அவர் 'சும்மா' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை அவர் வேலைக்கே போகவில்லை. உடம்பு சரியில்லை என்று முதலாளிக்கு எழுதி அனுப்பினார். அதுவொன்றும் பொய்யில்லை. திரையை இழுத்து, பூட்டு எல்லாம் சரியா என்று மூன்று தடவை பார்த்து, பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடத்தில் ஒண்டிக்கொண்டார். பதினொன்றரை மணிக்குக் கேட் திறந்தது. காலடிச் சத்தம். இரண்டு பேர். பூட்டில் சாவி நுழைகிற சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். சாவி இன்னொரு ஆளிடம்தான் உண்டு என்பது கண்ணை மூடின பிறகுதான் ஞாபகம் வந்தது.

"ஏங்க. செருப்பு வாசல்ல இருக்கு, ஆளைக் காணோம். எங்க இருக்கீங்க?"

"பீரோவுக்குப் பின்னால."

"அங்க என்ன பண்றீங்க?"

"ஒரு திருகாணி விழுந்துருச்சு."

"வெளிய வாங்க. இந்தம்மா மூணு நாளா உங்களைத் தேடுறாங்களாம். நம்ம கேட்ல தலையைச் சாய்ச்சு உட்கார்ந்துக்கிட்டு இருந்தாங்க."

பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்தார். நெட்டையம்மா வீட்டுக்குள் வரவில்லை. நிலைப்படிக்கு வெளியிலேயே, தலை இடிக்காமல் கொஞ்சம் குனிந்து நின்றார். துடைப்பத்தை ஊன்றியிருந்தார். அதன் நுனி தரையில் பட்டுச் சின்னதாகக் கிச் கிச் என்று சத்தம் போட்டது. அது நடுங்கிக்கொண்டிருந்தது. நடுக்கத்தைப் பற்றி மெதுவண்ணனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோபத்தில் வருவது வேறு மாதிரி இருக்கும். இது அவருக்கு ரொம்ப வேண்டப்பட்ட நடுக்கம்.

"நம்பர் சொல்லுங்க சார்" என்றார் நெட்டையம்மா. "ஒரு மணிக்குள்ள சொல்லணுமாம். தாண்டிட்டா என் பேரை எடுத்துருவாங்க."

"பேரை..."

"மூணு மாசம் கூட்டலைன்னு நீங்க போட்டிருக்கீங்க. அந்த மூணு மாசமும் நான் வராம வந்ததா கைநாட்டு வெச்சேன்னு ஆயிடும். நீங்க நம்பர் குடுத்தா, சரி பண்ணிட்டாங்கன்னு புகாரை மூடிருவாங்களாம். மூணு நாளும் உங்க வீட்டுக்கு வந்தேன், மேஸ்திரி போன்ல கூப்பிட்டுப் பார்த்தேன், விசாரிச்சுக் கடைக்கும் வந்தேன். மூணு நாளும் 'புகார் கொடுத்தவர் வீட்டில் இல்லை'ன்னு மேஸ்திரி போட்டுட்டார். பதினோரு வருஷமா கூட்டுறேன் சார். இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்ல."

"அந்த நாலு கட்டம்?"

"நான்தான் சார் போட்டேன். எனக்கு எழுத வராது. நாலு நம்பர்னு சொன்னாங்க. என் முகத்துல முழிக்கப் பிடிக்காட்டி, அதுல எழுதி கேட்ல சொருகி வைப்பீங்கன்னு பார்த்தேன்."

மனைவி இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க நம்பரை."

"அழிச்சிட்டேன்."

"எதை?"

"நம்பரை. செய்தியையே."

"ஏன்?"

"பயமா இருந்துச்சு."

நெட்டையம்மா நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு உயரமான ஆள் மடிந்து உட்காருவதைப் பார்க்க என்னவோ போலிருந்தது. மெதுவண்ணனுக்கு மறுபடி பீரோவுக்குப் பின்னால் போய்விடலாம் என்று தோன்றியது. உண்மையாகவே ஓர் அடி பின்னால் வைத்தார்.

"அங்க போனீங்கன்னா இந்தக் கட்டாலேயே ஒண்ணு வைப்பேன்" என்றாள் மனைவி. "சட்டையை மாட்டுங்க. ஆபீசுக்குப் போவோம்."

பஸ்ஸில் மூன்று பேருக்கும் இடம் கிடைத்தது. நெட்டையம்மா உட்காரவில்லை. துடைப்பத்தைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நிற்கும்போது பல்லைக் கடித்தார். மனைவிதான் கேட்டாள்: "ஏம்மா, எங்க வாசல்ல தண்ணி நிக்குதே, அது என்னதான் கதை?"

"அது சாக்கடைக்காரங்க வேலைம்மா. நீளக் கம்பி போட்டுக் குத்தணும். நான் தொட்டா, உன் வேலையைப் பாருன்னு திட்டுவாங்க. உங்க வாசலுக்குன்னு நானே மேஸ்திரிகிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன். கூட்டினாலும் அந்தத் தண்ணியில இலை ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. நீங்க விழுந்த அன்னைக்கு நான் போனப்புறம்தான் விழுந்தீங்களாம். கேள்விப்பட்டேன்."

மனைவி திரும்பி இவரைப் பார்த்தாள். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, ஒரு லாரியின் பின்பக்கம்தான் இருந்தது. அதையே முழுக்கப் படித்தார்.

நகராட்சியின் வட்ட அலுவலகத்தில் வரிசை. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. மெதுவண்ணன் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஆறு பேர். ஒருவர் தண்ணீர்க் குழாய்க்கு வந்திருந்தார், ஒருவர் தெருவிளக்குக்கு. எல்லோரும் கதை சொன்னார்கள். பன்னிரண்டு நாற்பத்தேழு. "முன்னால போங்க" என்று மனைவி பின்னாலிருந்து முட்டினாள். வாழ்நாளில் அவர் வரிசையைத் தாண்டியதில்லை. தாண்டினவர்களை மன்னித்திருக்கிறார், அவ்வளவுதான்.

திரும்பிப் பார்த்தார். நெட்டையம்மா கதவோரம் சுவரை ஒட்டி நின்று, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி பார்க்கத் தெரியுமோ தெரியாதோ, கண்ணை எடுக்கவில்லை.

மெதுவண்ணன் வரிசையை விட்டு வெளியே வந்து, நேராக மேசைக்குப் போனார். யாரோ "ஹலோ" என்றார்கள். காது அடைத்துப் போயிருந்ததால் அது அவருக்கு எட்டவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மா நிமிர்ந்து பார்த்தார். அவருடைய மூக்குக்கண்ணாடியின் இடது காதுக் கம்பி வளைந்து, லென்ஸ் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவண்ணனின் கை அதைச் சரிசெய்யத் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார்.

"வரிசையில வாங்க சார்."

"ஒரு மணிக்குள்ள... ஒரு புகார். நான்தான் கொடுத்தேன். நம்பரை அழிச்சிட்டேன்."

போன் எண்ணைக் கேட்டு, அதிகாரி கணினியில் தட்டினார். "தெரு கூட்டுதல். மூணு மாசம். மூணு நாளா ஆள் வீட்டில் இல்லை." திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "நம்பர் இல்லாம மூட முடியாது சார். நேரா அடுத்த கட்டத்துக்குப் போயிடும்."

"வேற வழி?"

"புகாரே தவறுன்னு நீங்க கைப்பட எழுதிக் கொடுத்தா ரத்து பண்ணலாம். ஆனா எழுதினது உண்மைன்னா அப்படிக் கொடுக்கக் கூடாது. உண்மையா, பொய்யா?"

வரிசையில் இருந்த ஆறு பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மெதுவண்ணன் மேசையைப் பார்த்துச் சொன்னார்: "கொஞ்சம்... கூடப் போயிடுச்சுங்க."

"எவ்வளவு கூட?"

"மூணு மாசமும்."

தெருவிளக்கு ஆள் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. "அப்ப தினமும் கூட்டுறாங்க."

"தினமும். ஆறரைக்கு. நான் பார்த்துக்கிட்டேதான் இருப்பேன். அடைச்சது சாக்கடை. நான் தப்பான இடத்துல அழுத்திட்டேன். நாளையும் கூட்டிப் போட்டுட்டேன்."

"தவறான புகார்னா உங்க நம்பர்ல ஒரு வருஷத்துக்கு எந்தப் புகாரும் எடுக்க மாட்டோம். பேரும் விலாசமும் ஒரு மாசம் வெளியில பலகையில இருக்கும். சம்மதமா?"

பேர். பலகையில். தெருவே வந்து போகிற இடத்தில். மெதுவண்ணன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து மனைவி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். எப்போதும் அவருக்காகப் பதில் சொல்கிறவள், அந்த நேரம் பார்த்து வாயைத் திறக்கவில்லை.

"சம்மதம்" என்றார்.

தாளைக் கொடுத்தார்கள். முதல் தாளில் எழுதினது அவருக்கே புரியவில்லை. அதிகாரி இன்னொரு தாளை நீட்டினார். இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, லென்ஸ் தேய்க்கிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். கையெழுத்துப் போட்டபோது பன்னிரண்டு ஐம்பத்தாறு. அதிகாரி கணினியில் எதையோ தட்டிவிட்டு, "ரத்து ஆயிடுச்சு. அடுத்தவர்" என்றார்.

வெளியே படிக்கட்டில் நெட்டையம்மா மூச்சை விட்டுவிட்டு, இவரை மேலிருந்து கீழே பார்த்தார். இப்போது துடைப்பம் நடுங்கவில்லை.

"மூணு நாள் சார். சோறு எறங்கல. வீட்ல சொல்லவும் முடியல. உங்க வாசலை நான் எத்தனை தடவை கூட்டினேன்னு தெரியுமா? தரையே தேஞ்சிருக்கும். ஒரு தடவை கதவைத் திறந்து, நாலு நம்பர் சொல்ல உங்களுக்கு என்ன கேடு?"

"தப்புதாம்மா."

"தப்புன்னா சரியாப் போச்சா?"

மனைவி அவரைக் காப்பாற்ற வரவில்லை. நெட்டையம்மா நாலு படி இறங்கி, நின்று, திரும்பினார்.

"நாளைக்கு வருவேன். கதவைத் திறக்காட்டியும் போகுது. அந்தத் திரைக்குப் பின்னால நின்னு எட்டிப் பார்க்காதீங்க. பதினோரு வருஷமா எனக்கு முதுகு கூசுது."

போய்விட்டார். நீள நீளமான எட்டு. அன்று அவர் கூட்ட வேண்டிய தெருவில் பாதி இன்னும் கூட்டாமல் கிடந்தது.

மெதுவண்ணன் படியில் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூணு மாசம்னு ஏங்க போட்டீங்க?"

"நீ பஸ் ஏறும்போது கம்பியைப் பிடிக்க முடியாம நின்ன. கோவம் வந்துருச்சு."

அவள் கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இழுத்தாள். சத்தமாகப் பேசுகிறவள் பேசாமல் இருந்தால் பக்கத்தில் இருக்கிறவருக்குக் காது வலிக்கும். பிறகு, "சாக்கடைக்கு என் நம்பர்ல போட்டுக்கலாம். ஒரு வாரம்னு போடுவோம்" என்றாள்.

"எத்தனை வருஷமா நிக்குது."

"அப்ப வருஷம்னே போடுவோம். உள்ளதைப் போடுவோம்."

அலுவலகத்திலிருந்து உதவியாளர் ஒருவர் வெளியே வந்தார். வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்வியிருந்தார். கையில் புதிதாக அச்சடித்த தாள். மை கூடக் காயவில்லை. பலகைக்குப் போய்த் தாளை வைத்தார். காற்றில் அது ஒரு பக்கம் படபடவென்று எழும்பியது. இரண்டு கையாலும் அடக்கப் பார்த்து முடியாமல், சுற்றிலும் பார்த்தார். படியில் சும்மா உட்கார்ந்திருந்த ஆள் இவர்தான்.

"சார், கொஞ்சம் வந்து இந்த ஓரத்தைப் புடிங்களேன்."

மனைவி இவரைப் பார்த்தாள். மெதுவண்ணன் எழுந்து போனார். தாளின் மேல் ஓரத்தைப் பிடித்தார். முதல் வரியிலேயே இருந்தது. பெயர், வீட்டு எண், தெரு. பெரிய எழுத்து. கண்ணாடி போடாதவர்களுக்கும் தெரியும்.

உதவியாளர் ஒரு ஊசியை எடுத்துக் குத்தப் போய் நிறுத்தினார். "ஆட்டாதீங்க சார். கோணலாப் போயிடும்."

மெதுவண்ணன் இன்னொரு கையையும் கொடுத்து, நேராகப் பிடித்துக்கொண்டார்.